காங்கோ அகதிக் குழந்தைகள் இருவர்: வீட்டில் வைத்து வளர்க்கலாமா, யாரிடம் சொல்வது?

கேள்வி | 9 மார்ச் 2025, இரவு 8.40

வணக்கம். டர்பன் நகர மையத்தில் கடை வைத்திருக்கிறேன், வீடு சாட்ஸ்வர்த்தில். கடைக்குப் பின்னாலுள்ள அறையில் காங்கோவிலிருந்து வந்த ஓர் அம்மா தையல் வேலை செய்துகொண்டு குடியிருக்கிறார். அவருடைய அக்காவின் பிள்ளைகள் இருவர் அவரிடம் இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பதினொன்று, பையனுக்கு ஆறு வயது. கடந்த ஆண்டு கிழக்குக் காங்கோவின் தெற்குக் கிவுவிலிருந்து தப்பி வரும் வழியில் பெற்றோரைப் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அந்த அம்மாவால் வாடகையும் கொடுத்துப் பிள்ளைகளையும் பார்க்க முடியவில்லை, எங்களிடம் விட்டுவிடுவதாகச் சொல்கிறார். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள், என் மனைவிக்கு மிகுந்த விருப்பம். அரசுக்குச் சொன்னால் நாடு கடத்திவிடுவார்கள் அல்லது ஹோமில் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள். யாருக்கும் சொல்லாமல் நாமே வளர்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

9 மார்ச் 2025, இரவு 10.15

தம்பி, இன்றிரவு எதையும் மாற்றாதீர்கள். பிள்ளைகள் சித்தியிடமே தூங்கட்டும்.

பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளில் இரு வகை உண்டு. உறவினரோ தெரிந்த பெரியவரோ யாரும் இல்லாமல் தனியே நிற்பவர்கள் ஒரு வகை. பெற்றோர் இல்லாவிட்டாலும் உறவினர் கையில் இருப்பவர்கள் மற்றொரு வகை. உங்கள் கடைக்குப் பின்னால் இருப்பவர்கள் இரண்டாம் வகையினர். அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அந்தச் சித்திதான். நீங்கள் எவ்வளவு நல்ல மனத்தோடு அழைத்துச் சென்றாலும், தாயையும் தகப்பனையும் இழந்த பிள்ளைக்கு அது மூன்றாவது இழப்பாகத்தான் போய்ச் சேரும். ஆகவே பிள்ளைகளை எங்கே வைப்பது என்று தொடங்காமல், அந்தச் சித்தி அவர்களைத் தம்மிடம் வைத்திருக்க என்ன வேண்டும் என்று தொடங்குங்கள். வாடகையா, பையன் பள்ளி விட்டு வந்தபின் பார்த்துக்கொள்ள ஓர் ஆளா, அரிசியும் மீலி மீல் என்ற சோள மாவுமா? நாளை அதைக் கேளுங்கள்.

யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்வது குறித்துக் காலையில் எழுதுகிறேன். அதை ஒரு வரியில் முடிக்க முடியாது.

10 மார்ச் 2025, காலை 6.30

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தற்காலிகப் பாதுகாப்புப் பராமரிப்புக்கு ஒப்புதல் பெற்ற வீடு எங்களுடையது. சில வாரம் தங்கியவர்களும், ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுமாகப் பல பிள்ளைகள் இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நாடு கடத்தும் அச்சம். நம் தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டம், புகலிடம் தேடி வந்ததாகத் தோன்றும் துணையற்ற குழந்தை பராமரிப்பு தேவைப்படும் நிலையில் காணப்பட்டால், அதைக் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது. அதாவது பிள்ளை போக வேண்டிய இடம் குழந்தைகள் நீதிமன்றம், தடுப்பு முகாம் அன்று. அப்படி நடக்காத காலமும் இருந்தது. குரூகர்ஸ்டார்ப்பில் உள்ள லிண்டேலா முகாமில் துணையற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு அடைத்து வைத்து நாடு கடத்த இருந்தார்கள். குழந்தைச் சட்ட மையம் வழக்குத் தொடுத்தது. 2004இல் நீதிபதி அன்னமரி டி வோஸ் அதைக் கடுமையாகக் கண்டித்து, அந்தப் பிள்ளைகளுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். குழந்தைகளின் உரிமைகளைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு இந்த மண்ணில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது, குடியுரிமை பார்த்து வழங்கப்படுவதன்று.

அடுத்தது, சொல்லாமல் வளர்ப்பது. நீங்களும் உங்கள் மனைவியும் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பதிவில் இல்லாத பிள்ளை உங்கள் நல்ல மனத்தை மட்டுமே நம்பி இருக்கும் பிள்ளையாகிவிடும். நாளை உங்களுக்கு நோய் வந்தால், கடை நொடித்தால், வீட்டுக்கு வந்துபோகும் ஒருவன் தவறாக நடந்துகொண்டால், அந்தப் பெண் யாரிடம் போய் நிற்பாள்? அவளைப் பற்றித் தெரிந்த ஆள் வெளியில் ஒருவர்கூட இருக்கமாட்டார். தாய் உயிரோடிருந்து தேடினாலும், எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பாள்? பிள்ளையைக் கடத்தி வேலைக்கு வைப்பவனும் ‘யாருக்கும் சொல்லாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றுதான் சொல்கிறான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் வீடும் அவன் வீடும் ஒன்றாகவே தெரியும். அதனால்தான் பதிவு வேண்டும் என்கிறேன்.

யாரிடம் சொல்வது என்றால், மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறை அலுவலகம், அதன் அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு, காவல் நிலையம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றில் சொல்லலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால், பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியே உதவும் சைல்ட்லைனுக்கு 116 என்ற எண்ணில் பேசுங்கள். 1986இல் நம் டர்பனில் தொடங்கிய அமைப்பு அது.

10 மார்ச் 2025, பகல் 1.05

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த அம்மாவுக்குத் தெரியாமல் நீங்களாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவரிடம் சொல்லி, அவர் சம்மதித்து, அவரோடு சேர்ந்து போங்கள். பிள்ளைகளுக்கு உடனடி ஆபத்து இருந்தால் இது பொருந்தாது, அப்போது காத்திருக்கக் கூடாது. ஆனால் இங்கே அவர் பிள்ளைகளை நன்றாகவே பார்க்கிறார், கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று மாற்றுப் பராமரிப்புக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 2009இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கின்றன.

11 மார்ச் 2025, இரவு 9.20

நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி ஒவ்வொரு மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் தன் எல்லைக்குள் குழந்தைகள் நீதிமன்றமாகவும் செயல்படும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், பிள்ளைகளிடம் தனியே பேசுவார், 90 நாள்களுக்குள் விசாரித்து அறிக்கை தருவார். அதுவரை பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதற்குத் தற்காலிக ஆணை கிடைக்கும், அது சித்தியின் அறையாகவே இருக்கலாம். விசாரணையில் வெளியாருக்கு இடமில்லை. நான் போனபோது கூண்டோ மேடையோ எதுவும் இல்லை, ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். மாஜிஸ்திரேட் அம்மையார் பிள்ளையின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ வரும் வழியில் எந்த ஊரில் சாப்பாடு நன்றாக இருந்தது என்றுதான் முதலில் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரிய பெண்ணுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வருகிறது என்பதற்காகத் தம்பிக்கும் சித்திக்கும் அவளையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பதினொரு வயதுப் பெண் தன் வாயாலேயே தன் வீடு எரிந்ததைச் சொல்லி, சித்தி அழுவதையும் ஆங்கிலத்தில் சொல்லும்படி ஆக்கக் கூடாது. சுவாஹிலி தெரிந்த யாராவது போதும் என்றும் இருந்துவிட முடியாது. கிழக்குக் காங்கோவில் எந்தக் கூட்டத்தார் யாரை விரட்டினார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். வந்திருப்பவரைக் கண்டு பிள்ளை அஞ்சுகிறாளா என்பதைச் சித்தி ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

13 மார்ச் 2025, மாலை 5.40

நம்மவர் நடத்தும் இல்லங்களில் இடம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிட்டால் சோறும் படிப்பும் உறுதி, எதற்கு இத்தனை அலைச்சல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த இல்லங்களின் தொண்டை நான் நன்கறிவேன். 1921இல் டர்பனில் தொடங்கிய ஆரிய அநாதைக் காப்பகம் போன்றவை, அரசு நம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காத நாளில் நம்மவர் கைக்காசு போட்டு எழுப்பியவை. வேறு போக்கிடமே இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும். போக்கிடம் இருக்கும் பிள்ளைக்கு இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. ஒருமுறை காங்கோவிலிருந்து வந்த அக்காள் தம்பி இருவரில் அக்காளை எங்கள் வீட்டுக்கும், தம்பியை ஆண்பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கும் அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அன்று இடம் இருந்தது அப்படி என்றார்கள். அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒரு வேளையும் தட்டைக் காலி செய்ததில்லை. ரொட்டியைச் சரிபாதியாகப் பிய்த்து ஒரு கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள். எறும்பு வரிசை கட்டி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவிழ்த்துப் பார்த்தேன், நாலைந்து துண்டுகள் காய்ந்து கிடந்தன. கோபிக்கவில்லை, யாருக்கு என்று கேட்டேன். தம்பி வரும்போது கொடுப்பதற்கு என்றாள்.

வளர்ப்பு வீட்டில் இத்தனை பிள்ளைகள்தான் என்ற வரம்பு ஆறு. உடன்பிறந்தாரைச் சேர்த்து வைப்பதற்காக அந்த வரம்பையும் தளர்த்தலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டி மனுக் கொடுத்து, மாஜிஸ்திரேட் ஆணையிட்ட பின்னரே பையன் வந்து சேர்ந்தான். வந்த அன்று அவள் தட்டைக் காலி செய்தாள்.

தம்பி, உங்கள் கடைக்குப் பின்னால் இருப்பவர்களும் அக்காளும் தம்பியும்தான். யார் என்ன வசதியைக் காட்டினாலும் பிரிக்க விடாதீர்கள். பெண்ணை மட்டும் தத்து எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது வருவார்கள்.

14 மார்ச் 2025, காலை 7.10

உங்கள் மனைவி தனிச் செய்தியில் தத்து பற்றிக் கேட்டிருந்தார்கள். இங்கே பலருக்கும் அந்த எண்ணம் இருப்பதால் அவர்கள் சம்மதத்தோடு பொதுவில் பதில் எழுதுகிறேன்.

அம்மா, இப்போது வேண்டாம். தத்து பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள சட்ட உறவை அறுத்துவிடும். தாய் உயிரோடு இருக்கக்கூடும் என்ற நிலையில், தேடி முடிக்காமல் அதைச் செய்யக் கூடாது. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005இல் வெளியிட்ட 6ஆம் பொதுக் கருத்துரை இதைத்தான் வலியுறுத்துகிறது. தான்சானியாவில் நியாருகுசு, மலாவியில் ஜலேக்கா, மொசாம்பிக்கில் மரத்தானே, ஜிம்பாப்வேயில் டோங்கோகாரா என்று வழியெங்கும் அகதி முகாம்கள் இருக்கின்றன. பிரிந்துபோன தாய் அவற்றில் ஏதோ ஒன்றில் இதே பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கலாம். உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளுக்குப் பெரியம்மாவாக இருங்கள், அதற்கு எந்தத் தாளும் வேண்டாம்.

16 மார்ச் 2025, இரவு 8.00

சித்தியின் தாள்களே காலாவதியாகியிருக்கின்றன, அதனால் அலுவலகம் என்றாலே நடுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். முதலில் வழக்கறிஞரைப் பார்க்கச் செய்யுங்கள். மனித உரிமைகளுக்கான வழக்கறிஞர்கள் அமைப்புக்கு டர்பனில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. புதுப்பிக்கும் வேலையும் பிள்ளைகளின் வேலையும் ஒருசேர நடக்கட்டும்.

பண விஷயத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அகதி நிலை வழங்கப்பட்டவர் வளர்ப்புப் பெற்றோராக ஆணை பெற்றால் வளர்ப்புக் குழந்தை உதவித்தொகை கேட்கலாம். புகலிடம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவருக்கு அது கிடைக்காது. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தாளைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லட்டும். இரண்டாவது நிலை என்றால் அந்த இடைவெளியை நிரப்புவது நம் கையில்தான் இருக்கிறது. கோயிலில் அன்னதானத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு பகுதியை ஓர் அறை வாடகைக்குக் கொடுப்பதைவிடப் பெரிய அன்னதானம் எனக்குத் தெரியவில்லை.

22 மார்ச் 2025, காலை 10.30

பெற்றோரைத் தேடுவதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். இதைத்தான் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

செஞ்சிலுவைச் சங்கம் குடும்பங்களைத் தேடி இணைப்பதைத் தன் பழைய கடமைகளில் ஒன்றாகச் செய்துவருகிறது. பிரிட்டோரியாவில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் வட்டார அலுவலகம் இருக்கிறது. அங்கே தேடல் விண்ணப்பம் பதிவு செய்யலாம். ஊர் தெரிந்தால் செஞ்சிலுவைச் செய்தி அனுப்பலாம். அது உறை ஒட்டாத கடிதம், குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், அரசியல் எழுதக் கூடாது. இந்த ஆண்டு சனவரியில் கோமா நகரும் பிப்ரவரியில் புக்காவு நகரும் எம்23 கிளர்ச்சிப் படையின் கையில் விழுந்தபின் அந்தப் பக்கத்தோடு தொடர்பு கொள்வது மிகவும் கடினமாகிவிட்டது. அதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பாதை திறக்கும் நாளில் விண்ணப்பம் வரிசையில் இருக்க வேண்டும்.

பிள்ளையிடம் கேட்டுக் குறிப்பெடுப்பதுதான் இதில் கடினமான பகுதி. ஆறு வயதுப் பையனுக்குத் தாயின் பெயர் தெரியாமல் இருக்கலாம். நம் பெண்களை இன்னாரின் அம்மா என்று அழைப்பதுபோல அங்கேயும் மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் தாயை அழைக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரை அவன் கேட்டதே இல்லை. ஆகவே வேறு வழியில் போக வேண்டும். வீட்டு வாசலில் நின்றால் ஏரி தெரியுமா? புக்காவுவில் இபாண்டா, கடுடு, பகீரா என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன, அவற்றில் எந்தப் பெயர் காதில் விழுந்திருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயம், பாதிரியார் எப்படி இருப்பார்? பள்ளிச் சீருடை என்ன நிறம்? அப்பா மாலையில் எங்கிருந்து வருவார், கையில் என்ன இருக்கும்? அடுத்த வீட்டில் யார் தைப்பார், யார் மாவு அரைப்பார்? ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. தாளும் வண்ணக் குச்சியும் கொடுத்து வீட்டை வரையச் சொன்னால் பாதி விவரம் தானே வந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்த பையன் வரைந்த வீட்டில் கூரைக்கு மேல் ஒரு கம்பம் இருந்தது. அது என்ன என்று அக்காளிடம் கேட்டபோது, பக்கத்தில் வானொலி நிலையம் இருந்ததைச் சொன்னாள். வட்டாரத்தைக் குறுக்க அந்த ஒரு கம்பமே உதவியது.

பையன் ‘அம்மா எப்போது வருவாள்’ என்று கேட்பான். ‘வந்துவிடுவாள்’ என்று சொல்லாதீர்கள், ‘போய்விட்டாள்’ என்றும் சொல்லாதீர்கள். ‘எங்களுக்கும் தெரியவில்லை, தேடுகிறோம், தேட இன்னாரிடம் சொல்லியிருக்கிறோம்’ என்பதுதான் உண்மை. அந்த உண்மையைத் தாங்கும் வலிமை பிள்ளைகளுக்கு உண்டு. தாங்க முடியாமல் தவிப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

23 மார்ச் 2025, மாலை 4.15

உதவி செய்யும் எண்ணத்தில் ஒருவர் பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடலாமா, பெற்றோர் பார்க்கக்கூடுமே என்று கேட்டிருக்கிறார். போடக் கூடாது. குழந்தைகள் நீதிமன்றத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் அனுமதியின்றி வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், அந்தக் குடும்பத்தை விரட்டியவர்களிடமும் கைப்பேசி இருக்கிறது என்பதுதான். 1994க்குப் பிறகு ருவாண்டாப் பிள்ளைகளின் படங்களை முகாம்களில் காட்டித் தேடியது உண்மை, பல குடும்பங்கள் அப்படிச் சேர்ந்தன. அது, யாருக்குக் காட்டுவது, உரிமை கோரி வருபவர் பெற்றோர்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது என்ற ஒழுங்கோடு நடந்த வேலை. அந்த ஒழுங்கு இல்லாமல் படம் மட்டும் போனால், ‘நான்தான் மாமா’ என்று யாரும் வரலாம்.

30 மார்ச் 2025, இரவு 9.50

எங்களை ஏன் காவல்துறை சோதிக்க வேண்டும், சேவை செய்ய வந்தவர்களைக் குற்றவாளிபோல் நடத்துகிறார்களே என்று கோயில் தொண்டர் ஒருவர் மனம் வருந்தி எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் வருத்தத்தை மதித்துச் சொல்கிறேன், இந்தச் சோதனையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில், பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர் எனத் தீர்க்கப்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. பெயர் அதில் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஒருவரை வளர்ப்புப் பெற்றோராக்க வேண்டும். எங்கள் வீட்டில் என்னையும் என் கணவரையும் சோதித்தார்கள், வார இறுதியில் வந்துபோகும் என் மகனையும் கேட்டார்கள். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளையைத் தேடித்தான் தீய எண்ணம் கொண்டவன் வருவான், அவன் பக்தனாகவும் வருவான், கொடையாளியாகவும் வருவான். நல்லவர்கள் சோதனைக்கு உட்பட மறுத்தால், அவனும் அதே மறுப்பைச் சொல்லித் தப்பிவிடுவான்.

31 மார்ச் 2025, காலை 6.45

பள்ளியில் பிறப்புச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம், தாள் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு, சண்டை போடாமல், தலைமையாசிரியரின் மேசையில் வையுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் அது தெரிந்திருக்காது.

20 ஏப்ரல் 2025, மாலை 6.00

பழைய வரலாற்றைச் சிலர் பேசத் தொடங்கியிருப்பதால் நானும் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன், இரண்டுமே இந்த நாட்டில் நடந்தவை. 1890இல் அடிமை வணிகரிடமிருந்து மீட்கப்பட்ட 64 ஒரோமோக் குழந்தைகள் ஏடன் வழியாகக் கிழக்குக் கேப்பின் லவ்டேல் பள்ளிக்கு வந்தார்கள். நம் நாட்டின் விடுதலைப் போராளியும் கல்வியாளருமான நெவில் அலெக்சாண்டர் அவர்களில் ஒரு சிறுமியின் பேரன்தான். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஊர், தகப்பன் பெயர், பிடிபட்ட விதம் என்று தனித்தனியே கேட்டு எழுதி வைத்தார்கள். பெரியவர்களான பின் அவர்களில் சிலர் எத்தியோப்பியாவுக்கே திரும்பினார்கள். மற்றொன்று 1943இல் ஔட்ஸ்ஹூர்னுக்கு வந்த ஏறத்தாழ 500 போலந்துப் பிள்ளைகள். சோவியத் நாட்டிலிருந்து ஈரான் வழியாக வந்த அவர்களுக்குத் தங்கள் மொழி பேசும் ஆசிரியர்களும் பாதிரியாரும் உடன் இருந்தார்கள். புது நாட்டில் போலந்து மொழியிலேயே பாடம் நடந்தது. உள்ளதை உடனே எழுதி வைப்பதும் மொழியை விடாமல் வைத்திருப்பதும் இன்றைய வழிகாட்டு நெறிகள் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே செய்யப்பட்டிருக்கின்றன.

1860 நவம்பரில் வந்த ட்ரூரோ தொடங்கி நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த கப்பல்களின் பட்டியல்களிலும் எண், தகப்பன் பெயர், தாலுகா, ஊர், உடல் அடையாளம் என்று பத்திகள் இருந்ததை ஒருவர் நினைவூட்டினார். என் பூட்டியின் வரியிலும் இடது முழங்காலில் தழும்பு என்று இருக்கிறது. அதை வைத்துத்தான் வடஆர்க்காட்டு ஊரைக் கண்டுபிடித்தோம். அந்தப் பட்டியல் கரும்புத் தோட்ட முதலாளிக்காக எழுதப்பட்டது என்பதை மறக்கவில்லை. பிள்ளையின் நன்மைக்காக எழுதப்படும் பதிவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதில் அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு வேண்டும் என்கிறேன்.

25 மே 2025, பகல் 12.20

பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா, காவடிக்கு அழைத்து வரலாமா என்று கேட்டீர்கள். அவர்கள் விரும்பி வந்தால் அழைத்து வாருங்கள், கண்டு களிக்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆலயத்துக்குப் போவது தவறக் கூடாது. பிள்ளையின் சமயமும் மொழியும் பண்பாடும் தொடர வேண்டும் என்பதைக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு நினைவூட்டுகிறது. சமையலிலும் அப்படியே. பருப்பும் சோறும் பழகிவிடும், ஆனால் சித்தி மரவள்ளிக் கீரையை இடித்து சொம்பே சமைக்கும் நாளில் உங்கள் வீட்டு அடுப்பைக் கொடுங்கள். 2015இல் வெளிநாட்டவர் மீது தாக்குதல் நடந்து, வெஸ்ட்கிளிஃப் மைதானத்தில் அவர்களுக்குக் கூடாரம் போட்டிருந்தபோது நாங்கள் அண்டா அண்டாவாகப் பிரியாணி கொண்டுபோனோம். எல்லோரும் நன்றி சொல்லிச் சாப்பிட்டார்கள். ஆனால் ஒரு பெண், எனக்கு ஒரு பானையும் கொஞ்சம் மாவும் தந்தால் என் பிள்ளைக்கு நானே கிண்டிக் கொடுப்பேன் என்றாள். பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பானை கொடுத்தோம்.

12 ஜூலை 2025, இரவு 8.30

தம்பி எழுதியதைப் பார்த்தேன், நெஞ்சு நிறைந்தது. பிள்ளைகள் இருவரையும் சித்தியிடமே வளர்ப்புப் பராமரிப்பில் விட்டு நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் அறை வாடகையைக் குறைத்துக்கொண்டு, பையனை மாலை ஆறு மணி வரை கடையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள், சோதனையும் முடித்துவிட்டீர்கள். தேடல் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இரண்டு காரியங்கள் பாக்கி. வீடு மாறினாலோ கைப்பேசி எண் மாறினாலோ செஞ்சிலுவை அலுவலகத்துக்கு அன்றே தெரிவியுங்கள். பதில் வரும்போது பழைய எண்ணில் மணி அடித்து யாரும் எடுக்காமல் போகக் கூடாது. அடுத்து, இந்த ஆணை இரண்டு ஆண்டில் காலாவதியாகும். யாரும் நினைவூட்ட மாட்டார்கள், சமூகப் பணியாளர்களிடம் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. முடியும் தேதியைக் கடையிலுள்ள நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு ஆறு மாதம் முன்பே போய் நீட்டிப்புக்கான அறிக்கையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆணையின் நகல் ஒன்று சித்தியிடமும் ஒன்று பள்ளியிலும் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.